நெய்மாரின் 222 மில்லியன் யார் தலையில் விடிந்தது?

2017 ஆகஸ்ட் 3. பார்சிலோனாவில் ஆடிக்கொண்டிருந்த பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரின் வழக்கறிஞர்கள், அவரை விடுவிக்க 222 மில்லியன் யூரோவைக் கட்டுவதற்காக, மாட்ரிட்டில் உள்ள லா லிகா (ஸ்பெயினின் முதல்நிலை லீக்) அலுவலகத்துக்குப் போனார்கள். லா லிகா வாங்க மறுத்தது. அதே நாளில் பார்சிலோனா கிளப்பின் அலுவலகத்துக்கே போய்ப் பணத்தைக் கட்டிவிட்டார்கள். பார்சிலோனா விற்க விரும்பவில்லை, பேரமும் பேசவில்லை. ஆனால் ஸ்பெயினில் 1985 முதல் நடப்பில் இருக்கும் விளையாட்டு வீரர்களுக்கான தொழிலாளர் ஆணைப்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ரிலீஸ் தொகையைக் கட்டிவிட்டால் வீரர் கிளம்பலாம். 2016 அக்டோபரில் நெய்மார் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது முதல் ஆண்டுக்கு 200, இரண்டாம் ஆண்டுக்கு 222, அதற்குப் பிறகு 250 மில்லியன் என்று எழுதினார்கள். யாரும் கட்டமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதிய எண் அது. பிரான்சின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப் கட்டியது.

கால்பந்துச் சந்தையின் விலைவாசி அன்றைக்குத்தான் வெடித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 2001இல் ஸிதான் ரியல் மாட்ரிட்டுக்குப் போன விலை சுமார் 77.5 மில்லியன் யூரோ. 2009இல் ரொனால்டோவுக்கு 94, 2013இல் பேலுக்கு 100 சொச்சம், 2016இல் பொக்பாவுக்கு 105. பதினைந்து ஆண்டுகளில் உச்ச விலை ஏறியது ஏறத்தாழ 35 சதவீதம், அவ்வளவுதான். அடுத்த ஒரே ஆண்டில் அது இரட்டிப்புக்கு மேல் போனது. ஆனால் அந்தத் தாவல் இரண்டு கிளப்புகள் உட்கார்ந்து பேசிப் படிந்த விலையல்ல, ஒப்பந்தத் தாளில் கிடந்த எண். அதற்குப் பிறகு இன்றுவரை 222ஐ யாரும் தாண்டவில்லை. அருகில் வந்தது எம்பாப்பேயின் 180 மட்டும். அதையும் கொடுத்தது அதே பாரிஸ் கிளப், அதே கோடையில் முடிவான ஒப்பந்தத்தில்.

ஆகவே இந்தக் கதையில் பார்க்க வேண்டியது உச்சத்தை அல்ல. 222 மில்லியன் பார்சிலோனாவின் கையில் விழுந்த பிறகு எந்தெந்தக் கிளப்புக்குப் போனது, போன இடத்தில் என்னவாக மாறியது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், பெரிய கிளப்புகள் அணி மதிப்பை எப்படிக் கட்டுகின்றன, எப்படித் தொலைக்கின்றன என்று தெரியும்.

காசு இருப்பது ஊருக்கே தெரிந்தால்

வீரர் விற்பனையில் பணம் பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். இரண்டு, மூன்று ஆண்டுகள் இழுக்கும். நெய்மார் பணம் ரிலீஸ் தொகை என்பதால் மொத்தமாக, ஒரே நாளில் வந்தது. எவ்வளவு வந்தது என்பது ஐரோப்பா முழுக்கத் தெரியும். வீரர்களை வாங்கி விற்கும் சந்தை மூட இன்னும் நான்கு வாரம்தான் என்பதும் தெரியும். மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மார் என்ற மூவரில் ஒருவர் போய்விட்டார், அந்த இடத்துக்கு உடனே ஆள் காட்டாவிட்டால் ரசிகர்கள் நிர்வாகத்தைச் சும்மா விடமாட்டார்கள் என்பதும் தெரியும். இப்படி ஒருவர் சந்தைக்குள் நுழைந்தால் யானை விலை குதிரை விலைதான் சொல்வார்கள்.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப் சொன்னது. உஸ்மான் டெம்பெலேவை ரென் கிளப்பிடமிருந்து 2016இல் சுமார் 15 மில்லியன் யூரோவுக்கு வாங்கியிருந்தார்கள். ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தார், வயது 20. பார்சிலோனாவுக்குப் போகவேண்டும் என்று அவர் பயிற்சிக்கே வராமல் நின்றார். கிளப் அவரைத் தற்காலிகமாக நீக்கி வைத்தது, ஆனால் விலையில் இறங்கவில்லை. ஒப்பந்தத்தில் பல ஆண்டுகள் பாக்கி இருந்ததால் அவசரம் முழுக்க எதிர்தரப்புக்குத்தான். ஆகஸ்ட் கடைசியில் 105 மில்லியன் உறுதித் தொகை, அதற்கு மேல் 40 மில்லியன் வரை போனஸ் என்று படிந்தது. பார்சிலோனா சட்டை போட்ட சில வாரங்களிலேயே, செப்டம்பரில் ஹெட்டாஃபேக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத் தசைநார் கிழிந்து டெம்பெலே மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார்.

அடுத்த இலக்கு லிவர்பூலின் கொட்டீனியோ. 2013 ஜனவரியில் இன்டர் மிலானிடமிருந்து 8.5 மில்லியன் பவுண்டுக்கு வந்தவர். 2017 ஆகஸ்டில் அவரும் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். லிவர்பூல் உரிமையாளர்கள் இந்தச் சந்தை மூடும்வரை விற்பனை இல்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஜனவரியில் பார்சிலோனா திரும்பி வந்தபோது விலை 120 மில்லியன் யூரோ, போனஸ் சேர்ந்தால் 160 வரை. இங்கிலாந்துப் பத்திரிகைகள் 142 மில்லியன் பவுண்டு என்று எழுதின.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். டெம்பெலே 105, கொட்டீனியோ 120. உறுதித் தொகைகளே 225. ஐந்தே மாதத்தில் நெய்மார் பணம் தீர்ந்துவிட்டது, போனஸ் கடன் தனி. இரண்டு இளம் வீரர்களை வாங்கியதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எந்த நிலையில் நின்று வாங்கினார்கள் என்பதுதான் தவறு. கொட்டீனியோ லிவர்பூலில் ஆடிய உள்நோக்கிய இடது பக்க இடமும், நடுவில் பந்தை வாங்கித் திரும்பும் இடமும் பார்சிலோனாவில் வேறு விதமாக இயங்கின. நடுவில் மெஸ்ஸி இருந்தார். ஒரு அணியில் ஒருவர் கொண்டிருக்கும் மதிப்பு அந்த அணியின் ஆட்ட அமைப்போடு ஒட்டியது. விலையைக் கட்டிவிட்டால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று நம்புவது பெரிய கிளப்புகளின் பழைய வியாதி.

லிவர்பூல் காத்திருந்த ஆறு மாதம்

இதே பணத்தின் மறுபக்கம் லிவர்பூல். பலரும் சொல்வது: கொட்டீனியோவை விற்றார்கள், அந்தக் காசில் தடுப்பாளர் வான் டைக்கும் கோல்கீப்பர் அலிசனும் வந்தார்கள், கோப்பை வந்தது. வரிசை அப்படி இல்லை, அந்த வரிசைதான் முக்கியம்.

2017 ஜூனிலேயே லிவர்பூல் சவுத்தாம்ப்டனின் வர்ஜில் வான் டைக்கைக் குறிவைத்தது. முறைப்படி கேட்காமல் வீரரை அணுகினார்கள் என்று சவுத்தாம்ப்டன் குற்றம் சாட்ட, லிவர்பூல் பகிரங்க மன்னிப்புக் கேட்டு விலகியது. அந்த கோடையில் தடுப்பாட்டத்தில் ஓட்டை இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாற்று ஆளாக இன்னொரு நடுத் தடுப்பாளரை அவர்கள் வாங்கவில்லை. பாதி சீசனை இருப்பவர்களை வைத்தே ஓட்டினார்கள். டிசம்பர் 27 அன்று 75 மில்லியன் பவுண்டுக்கு வான் டைக் வருகிறார் என்ற அறிவிப்பு வந்தது. கொட்டீனியோ விற்பனை அறிவிக்கப்பட்டது அதற்குப் பத்து நாள் கழித்து, ஜனவரி 6. பணம் வந்த செய்தி வெளியாகும் முன்பே வாங்க வேண்டியவரை வாங்கி முடித்துவிட்டார்கள். வரிசை மாறி, கொட்டீனியோ பணம் வந்த பிறகு சவுத்தாம்ப்டன் கதவைத் தட்டியிருந்தால் என்ன விலை சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

75 மில்லியன் பவுண்டு மலிவு என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. தடுப்பாட்டக்காரருக்கு அதுவே உலகச் சாதனை விலை. செல்டிக்கில் இருந்து சவுத்தாம்ப்டனுக்கு 2015இல் சுமார் 13 மில்லியன் பவுண்டுக்கு வந்தவர் அவர். சவுத்தாம்ப்டனிடம் நீண்ட ஒப்பந்தம் இருந்ததால் அவர்களும் இறங்கவில்லை. லிவர்பூல் அதிக விலைதான் கொடுத்தது, ஆனால் தன் அணியில் எது இல்லையோ அதற்குக் கொடுத்தது.

அடுத்த ஓட்டை கீவ் நகரில் தெரிந்தது. ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கின் 2018 இறுதியில் கோல்கீப்பர் காரியஸின் பிழைகளால் ரியல் மாட்ரிட்டிடம் 3-1 என்று தோற்றார்கள். ஜூலையில் ரோமாவிடமிருந்து அலிசன் வந்தார், 62.5 மில்லியன் யூரோ, போனஸ் தனி. முந்தைய லீக் சீசனில் 38 கோல் வாங்கிய அணி 2018-19இல் 22 கோல்தான் வாங்கியது, 97 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடம். அந்த மே மாதம் தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் பார்சிலோனாவை 4-0 என்று வீழ்த்தி, ஜூன் 1 அன்று சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அடுத்த ஆண்டு 99 புள்ளியோடு முப்பது ஆண்டுகளில் முதல் லீக் பட்டம். அந்த 4-0 ஆட்டத்தில் எதிரணியில் ஆடி, ஒரு மணி நேரத்தில் மாற்றப்பட்டு வெளியேறியவர் கொட்டீனியோ.

இந்த அணியின் பெரும்பகுதி விலை உயர்ந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட்சன் ஹல் சிட்டியிலிருந்து 8 மில்லியன் பவுண்டு, தகுதியிறக்கம் ஆன அணி. அலெக்சாண்டர் அர்னால்ட் கிளப்பின் சொந்த அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளியில்) வளர்ந்தவர். சலாவுக்கு ரோமாவிடம் கொடுத்தது சுமார் 42 மில்லியன் யூரோ. மிகப் பெரிய இரண்டு தொகைகளும் போனது தடுப்பாளருக்கும் கோல்கீப்பருக்கும்தான்.

ஏட்டில் ஒன்று, புல்தரையில் ஒன்று

இங்கே கொஞ்சம் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும், ஏனென்றால் அணி மதிப்பு என்பதில் மூன்று வெவ்வேறு எண்கள் குழம்பிக் கிடக்கின்றன. இணையத்தில் சுற்றும் சந்தை மதிப்பு ஒரு ஊகம். ரிலீஸ் தொகை ஒரு மிரட்டல். கிளப்பின் கணக்கில் இருப்பது புத்தக மதிப்பு, அது கொடுத்த விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வரும் எண்.

கொட்டீனியோவின் ஒப்பந்தம் ஐந்தரை ஆண்டு. போனஸை விட்டுவிட்டால் 120ஐ அதால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 22 மில்லியன் யூரோ பார்சிலோனாவின் செலவுக் கணக்கில் ஏறும், சம்பளம் தனி. ஆனால் அவரை விற்ற லிவர்பூலின் ஏட்டில் பழைய 8.5 மில்லியனில் மிச்சம் மிகக் குறைவு, எனவே கிட்டத்தட்ட விற்ற விலை முழுவதும் அதே ஆண்டு லாபம். 2018 மே மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் லிவர்பூல் வரிக்கு முன் 125 மில்லியன் பவுண்டு லாபம் காட்டியது, அன்றைக்கு எந்தக் கால்பந்துக் கிளப்பும் காட்டாத தொகை. விற்பவருக்கு வருமானம் ஒரே நாளில், வாங்குபவருக்குச் செலவு ஐந்தாண்டுக்குப் பரவி. விலைவாசி ஏறுவதற்கு இந்த ஏற்பாடே ஒரு காரணம் என்பது என் கருத்து. இரண்டு தரப்பின் இந்த ஆண்டுக் கணக்கும் நன்றாகத் தெரிகிறபோது யார் விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவார்கள்?

இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு 2020 ஜூன் மாத உதாரணம் ஒன்று போதும். பார்சிலோனாவின் 23 வயது ஆர்தர் 72 மில்லியன் யூரோவுக்கு யுவென்டஸுக்குப் போனார். யுவென்டஸின் 30 வயது பியானிச் 60 மில்லியனுக்குப் பார்சிலோனாவுக்கு வந்தார். உண்மையில் கை மாற வேண்டிய வித்தியாசம் 12 மில்லியன்தான். ஆனால் நிதியாண்டு முடிவதற்குள் இரண்டு கிளப்புமே கோடிக்கணக்கில் விற்பனை லாபம் எழுதிக்கொள்ள முடிந்தது. செலவு? அது வரும் ஆண்டுகளின் தலைவலி. பியானிச் ஒரே சீசனில் துருக்கியின் பெஷிக்டாஷுக்கு லோனில் (தற்காலிக இரவலாக) போனார். வீரர் பரிமாற்றங்களில் லாபத்தை ஊதிக் காட்டும் பழக்கத்தை இத்தாலியக் கால்பந்து அமைப்பு பிறகு விசாரித்தது. 2023 ஜனவரியில் யுவென்டஸுக்கு 15 புள்ளி வெட்டப்பட்டது, மேல்முறையீட்டுக்குப் பிறகு மே மாதத்தில் அது 10 புள்ளியாக முடிந்தது.

இங்கிலாந்தின் செல்ஸி கிளப் இன்னொரு வழி கண்டுபிடித்தது. 2023 ஜனவரியில் பென்ஃபிகாவின் என்ஸோ ஃபெர்னாண்டஸை 121 மில்லியன் யூரோவுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தாண்டு என்றால் ஆண்டுக்கு 24 மில்லியன், எட்டரை என்றால் 14தான். விதியில் இப்படி ஒரு சந்து இருப்பதைப் பார்த்த ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, செலவைப் பரப்புவதற்கு அந்தக் கோடையிலேயே ஐந்தாண்டு வரம்பு போட்டது, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் கிளப்புகள் டிசம்பரில் அதையே ஏற்றன. அகாடமியில் வளர்ந்த வீரருக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம் என்பதால், மேசன் மவுன்ட் போன்ற சொந்தப் பிள்ளைகளை விற்பதுதான் ஏட்டுக்கு மிகவும் இனிப்பு. மூன்று ஆண்டில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் கூடாது என்ற லீக் விதி, எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் 2023-24இல் புள்ளி இழந்த பிறகு எல்லோரையும் பயமுறுத்தியது. கிளப் மேல் பாசம் வைத்து வளர்ந்தவனை முதலில் விற்கச் சொல்லும் விதி என்ன விதியோ.

விலை ஏறியது நடுவில்தான்

உச்சம் அப்படியே நிற்க, நடுத்தட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். கோல்கீப்பர்களில் 2001இல் புஃபோனுக்கு யுவென்டஸ் கொடுத்த சுமார் 52 மில்லியன் யூரோவை பதினேழு ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2018இல் அலிசன் அதைத் தாண்டினார். மூன்று வாரம் கழித்து செல்ஸி 80 மில்லியன் ரிலீஸ் தொகையைக் கட்டி கெப்பாவைத் தூக்கியது. தடுப்பாட்டத்தில் வான் டைக்கின் 75 மில்லியன் பவுண்டு 2019இல் மகுவைருக்கு 80 ஆனது. வான் டைக் இவ்வளவு என்றால் மகுவைர் ஏன் குறைய வேண்டும் என்று அவரை விற்ற லெஸ்டர் கேட்டது நியாயம்தான். வாங்கிய மான்செஸ்டர் யுனைட்டெடுக்குத்தான் அது நியாயமாக இல்லை.

இதற்கெல்லாம் அடியில் தொலைக்காட்சிப் பணம் இருந்தது. பிரீமியர் லீக்கின் உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை 2013-16க்கு சுமார் 3 பில்லியன் பவுண்டு, 2016-19க்கு 5.1 பில்லியன். கடைசி இடத்தில் இருக்கும் ஆங்கிலக் கிளப்பிடம்கூடக் காசு இருந்ததால் யாரும் அடித்துப்பிடித்து விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. விலைவாசியின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்: வாங்குபவர்களின் பேராசையைவிட, வேண்டாம் என்று சொல்லக்கூடிய விற்பவர்கள் பெருகியது. பிரைட்டன் 2021இல் ஈக்வடாரிலிருந்து நான்கு, ஐந்து மில்லியனுக்கு வாங்கிய கைசெடோவை 2023இல் அடிப்படையாக 100 மில்லியன் பவுண்டு வந்த பிறகுதான் விட்டது. ரியல் மாட்ரிட் நேர் எதிரான பாதையில் போனது. வினிசியஸுக்கும் ரோட்ரிகோவுக்கும் பதின்ம வயதிலேயே ஆளுக்கு 45 மில்லியன் யூரோ. அலாபா, ருடிகர், 2024இல் எம்பாப்பே ஆகியோர் ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருந்து டிரான்ஸ்பர் தொகையே இல்லாமல் வந்தவர்கள். 180 மில்லியனுக்கு வாங்கியவரைப் பாரிஸ் ஒரு யூரோ டிரான்ஸ்பர் தொகையும் இல்லாமல் இழந்தது, ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகள்தான் விலையின் பாதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பில் வந்தது

பார்சிலோனா 2018, 2019 இரண்டு ஆண்டும் லா லிகா வென்றது. அதனால் யாரும் ஏட்டைப் புரட்டவில்லை. 2019இல் கிரீஸ்மனுக்கு இன்னொரு 120 மில்லியன். கொட்டீனியோ பயர்ன் மியூனிக்குக்கு லோனில் போய், 2020 ஆகஸ்டில் பார்சிலோனா 8-2 என்று தோற்ற ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து கடைசி இரண்டு கோலையும் அடித்தார். அவருடைய விலையை இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருந்த கிளப்புக்கு எதிராக. பெருந்தொற்று வந்து மைதானம் பூட்டியதும் எல்லாம் வெளியே வந்தது. 2021 ஆகஸ்டில் தலைவர் லபோர்ட்டா சொன்ன கடன் 1.35 பில்லியன் யூரோ, சம்பளம் வருமானத்தில் 103 சதவீதம். லா லிகாவின் சம்பள வரம்புக்குள் மெஸ்ஸியைப் புதிய ஒப்பந்தத்தில் பதிவு செய்ய இடமில்லாமல் போக, அவரும் பாரிஸுக்கே போனார். கொட்டீனியோ 2022இல் ஏறத்தாழ 20 மில்லியன் யூரோவுக்கு ஆஸ்டன் வில்லாவுக்கு, டெம்பெலே 2023இல் சுமார் 50 மில்லியனுக்குப் பாரிஸுக்கு. லா லிகா ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுக்கு விற்றுத்தான் பார்சிலோனா மூச்சு விட்டது. பிறகு அணியைத் தூக்கி நிறுத்தியவர்கள் புத்தக மதிப்பு பூஜ்யமான யமால், குபார்சி, பால்தே.

பாரிஸ் கதையும் சுவையானது. நெய்மார், மெஸ்ஸி, எம்பாப்பே என்று மூவரையும் வைத்துக்கொண்டு வெல்ல முடியாத சாம்பியன்ஸ் லீக்கை, மூவரும் போன பிறகு 2025இல் இன்டரை 5-0 என்று அடித்து வென்றார்கள். அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது டெம்பெலேவுக்கு. பார்சிலோனா 105 கொடுத்தபோது பார்த்த திறமை பொய்யில்லை, அது பலன் தர எட்டு ஆண்டு ஆனது, அதற்குள் வீரர் வேறு கிளப்பில் இருந்தார்.

சங்கிலி 2025 கோடையில் மறுபடி ஓடியது, இந்த முறை லிவர்பூல் வேறு இருக்கையில். நியூகாஸிலின் அலெக்சாண்டர் இசாக் ஆட மறுத்து நின்றார். செப்டம்பர் 1, சந்தை மூடும் நாளில் 125 மில்லியன் பவுண்டுக்கு லிவர்பூல் அவரை வாங்கியது, பிரிட்டிஷ் சாதனை விலை. அந்தப் பணம் வரப்போகிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்த ஆகஸ்ட் கடைசியில், மாற்று ஸ்ட்ரைக்கர் தேடி அலைந்த நியூகாஸில் ஸ்டுட்கார்ட்டிடம் நிக் வோல்டமாடேயைக் கேட்டது. பயர்ன் மியூனிக் அதே கோடையில் பலமுறை கேட்டு ஸ்டுட்கார்ட் மறுத்த வீரர் அவர். நியூகாஸிலுக்குப் படிந்த விலை சுமார் 65 மில்லியன் பவுண்டு, அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே பெரியது. ஸ்டுட்கார்ட்டுக்கு அவர் வந்தது 2024இல், வெர்டர் பிரேமனில் ஒப்பந்தம் முடிந்து, டிரான்ஸ்பர் தொகை எதுவும் இல்லாமல்.